என் பல்லும் தங்கச்சியின் மெஷினும்: தங்கவயலிலிருந்து லிங்கராஜபுரம்

போன தீபாவளிக்கு முந்தின வாரம் பைக் சறுக்கி மேல் முன்பல் ஒன்றைத் தொலைத்தேன். சர்ச் பேண்டில் இருபத்திரண்டு வருஷமாக டிரம்பெட் ஊதுகிறவன் நான். டிரம்பெட்காரனுக்கு முன்பல் போனால் பாதி வாய் போன மாதிரி. பிப்ரவரியில் பெங்களூரு டாக்டரம்மா தாடையில் ஒரு டைட்டானியம் திருகை இறக்கினார். அது எலும்போடு ஒட்டினால் நிரந்தரப் பல், பிறகு டிரம்பெட். ஒட்டாவிட்டால் கழற்றிவிட வேண்டும். "ஊதுறத மறந்துடுங்க" என்று அப்போதே சொல்லிவிட்டார். எக்ஸ்ரே இரண்டு தடவையும் குழப்பமாகவே இருந்தது.

அதனால்தான் இரண்டு தடவையும் கூடவே அல்ட்ராசவுண்டு சோதனையும் செய்தார்கள்; ஜூனில் அதற்கே மூன்றாவது பயணம். அந்த மெஷினைச் செய்த நாலு பேரில் ஒருத்தி என் தங்கச்சி ஜான்சி. தங்கவயல் சுரங்கத் தொழிலாளர் லைன் வீட்டில் ரேடியோவைப் பிரித்துப் போட்டு அடி வாங்கின அதே ஜான்சி! இதை நான் பேண்டு மொத்தத்துக்கும் சொல்லியாகிவிட்டது, இப்போது உங்களுக்கும்.

தங்கவயலில் காலை ஆறரைக்கு ரயில், டிக்கெட் முப்பது ரூபாய். பங்காருபேட்டைக்குப் பிறகு உட்கார இடம் கிடைக்காது, முன்பே ஏறிவிடுங்கள். ஒன்பதுக்கு கண்டோன்மென்ட் ஸ்டேஷன். அங்கிருந்து ஆட்டோவில் லிங்கராஜபுரம் நாலரை கிலோமீட்டர்.

"எல்லிகெ சார்?" என்று எங்கே போகணுமெனக் கன்னடத்தில் கேட்டார் டிரைவர். இடத்தைச் சொன்னதும் தமிழுக்கு மாறினார். "மீட்டர் மேல இருவது குடுங்க சார், அந்தாண்ட ஒரே டிராபிக்." நூற்று முப்பதில் முடிந்தது.

கிளினிக் இரண்டாவது மாடி, லிஃப்ட் கிடையாது. ஜான்சி முன்பே வந்திருந்தாள். சொந்த அண்ணனை அவள் அளக்கக் கூடாது, டாக்டர் சொல்லும்வரை என் அளவைப் பற்றி வாயும் திறக்கக் கூடாது. அது அவர்கள் விதி. கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள்.

டாக்டரம்மா பேனா மூடி அளவு முனை ஒன்றைத் திருகின் தலையில் பொருத்தினார். வலி துளியும் இல்லை, ஒரு சத்தமும் கேட்கவில்லை. இரண்டு நிமிஷத்தில் திரையில் எண் வந்தது: 34. முதல் தடவை 91, அடுத்து 63 என்று திருட்டுத்தனமாகப் பார்த்து வைத்திருந்தேன். மார்க் இறங்கினால் ஃபெயில்தானே? ஜான்சியைப் பார்த்தேன், குனிந்துகொண்டாள். சரி, கதை முடிந்தது என்று நினைத்தேன்.

"புடுங்கணும்னா இன்னிக்கே புடுங்கிடுங்க டாக்டர். இன்னொரு தடவ வர மனசு தாங்காது" என்றேன். கண் கலங்கிவிட்டது, மறைப்பானேன்.

டாக்டரம்மா திகைத்து, "யாரு புடுங்குறாங்க? சூப்பரா ஒட்டியிருக்கு! ஜான்சி, நீங்களே சொல்லுங்க" என்றார்.

இவள் குனிந்தது சிரிப்பை அடக்கவாம்! "அய்யோ அண்ணா! ஒட்டலன்னா நாங்க அனுப்புற சவுண்டு திருகுக்குள்ளயே சுத்திகினு கெடக்கும், நம்பர் ஏறும். ஒட்டிருச்சுன்னா எலும்புக்குள்ள போயிடும். கொறஞ்சாத்தான் பாஸு."

அங்கேயே அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். வெளியே காத்திருந்தவர்கள் எல்லோரிடமும், கேட்காமலேயே, "மெஷின் என் தங்கச்சி செஞ்சது" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்கினேன்.

போகிறவர்களுக்கு: மெஷின் இன்னும் பரிசோதனை நிலையில்தான் இருக்கிறது, அளப்பதற்குக் காசு வாங்கவில்லை. எக்ஸ்ரேயையும் சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார். பழைய எக்ஸ்ரேயைக் கொண்டு போங்கள். புரியாத எண்ணைப் பார்த்து என்னைப் போல நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள், கேளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து நிரந்தரப் பல் மாட்டினார்கள். முதல் நாள் பத்து நிமிஷம்தான் ஊத அனுமதி. ஜான்சிக்குப் போன் போட்டு, மேசைமேல் வைத்துவிட்டு, மாதா பாட்டு ஒன்றை முழுசாக ஊதினேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம். அப்புறம் சொன்னாள்: "பல்லு கரெக்டா இருக்குது அண்ணா. ரெண்டாவது வரியிலதான் சுருதி போச்சு."

திமிரைப் பாருங்கள். இருக்கட்டும், அவளுக்குத் தகும்.