அண்ணி தேர்ந்தெடுத்த பள்ளி

ஆய்வுக்கூடத்தில் என் அண்ணிக்கு வைத்த பெயர் ‘எக்ஸ்பிரஸ்’. மருத்துவமனைகளில் எடுத்த ரத்த மாதிரிகளைக் குளிர்பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு பதினோரு வருடங்களாக நகரம் முழுக்கச் சுற்றுகிறவர். போன மழையில் பாலத்தடி வளைவில் சறுக்கி விழுந்தார். கை கால் தப்பியது, பெட்டியும் தப்பியது. தைரியம் மட்டும் அங்கேயே கிடந்துவிட்டது.

அதன்பிறகு தரை ஈரமாக இருந்தாலே அந்த வளைவில் இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டுதான் போவார். பெட்டி தாமதமாக வந்தது.

“இந்த மாசமும் இப்படின்னா உங்கள கவுன்ட்டர்ல உட்கார வெச்சிடுவேன்மா,” என்றார் மேலாளர்.

கல்யாண போட்டோவுக்கே உட்கார மாட்டேன் என்று நின்றவர் அண்ணி. கிடைத்த விடுப்போ நான்கு நாள். வண்டி ஓட்டப் புதிதாகக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம்.

நான் சும்மா இருப்பேனா? மோட்டார் சைக்கிள் பள்ளி ஒன்றின் பந்தயத் தடத்தில் உயர்நிலைப் பயிற்சி முடித்தவன். யாரும் கேட்காமலே அதைச் சொல்லிக்கொண்டிருப்பவன்.

“கண்ண மூடிக்கிட்டு எங்க பள்ளியில சேருங்க அண்ணி. தோல் ஜாக்கெட்டெல்லாம் அவங்களே குடுப்பாங்க.”

“கண்ண மூடிக்கிட்டு ஓட்டத்தான் கத்துக்குடுப்பாங்களா தம்பி?”

அண்ணி விளம்பரம் எதையும் படிக்கவில்லை. வேலை முடிந்ததும் வேறு இரண்டு பள்ளிகளின் எதிரே போய் நின்று, பயிற்சி முடித்தவர்கள் வீட்டுக்குக் கிளம்புவதைப் பார்த்தார். “உள்ள எல்லாரும் நல்லாத்தான் ஓட்டுவாங்க, வாத்தியார் பாக்கறாரில்ல? கேட்டைத் தாண்டினப்புறம் எப்படி ஓட்டறாங்கன்னு பாக்கணும்.”

கடைசியில் அவருக்குப் பிடித்தது தகரக் கொட்டகையில் நடந்த பள்ளி. அங்கிருந்து வந்தவர்கள் அத்தனை பேரும் வாசலில் நின்று, தலையைத் திருப்பி இரு பக்கமும் பார்த்துத்தான் சாலையில் கலந்தார்களாம்.

எனக்குச் சுருக்கென்றது. “எங்க பள்ளிக்கு என்ன குறைச்சல்? அங்கேயும் போய் நின்னு பாத்திருக்கலாமே!”

“எதுக்குத் தம்பி? அங்க படிச்சவரத்தான் ரெண்டு வருஷமா நம்ம வீட்டு வாசல்ல பாக்கறேனே.”

அண்ணன் சிரித்த சிரிப்பில் அவருக்குக் காபி புரையேறியது.

சேரும் படிவத்தில் ‘காரணம்’ என்ற இடத்தில் அண்ணி எழுதியது ஒரே வரி: ‘ஈர வளைவு என்றால் பயம்.’ பதினோரு வருடம் ஓட்டியவர் இப்படி எழுதுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! நானாக இருந்தால் செத்தாலும் எழுதியிருக்க மாட்டேன். நான்கு நாளும் முழங்காலில் சேறோடு வந்தார். முதல் நாள் முழுக்க பிரேக் மட்டும்தான். பிறகு தண்ணீர் ஊற்றிய தரையில் வட்டம், அதுவும் பெட்டியைக் கட்டிக்கொண்டே.

ஐந்தாம் நாள் காலையில் கொட்டும் மழை. என் வண்டி சர்வீசில் இருந்ததால், காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அண்ணியின் பின்னால் ஏறினேன். ஹெல்மெட் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து, முன்னால் ஒன்றுமே தெரியவில்லை. பெட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டேன்.

“அண்ணி, வளைவு வந்தா சொல்லுங்க. நானும் எறங்கித் தள்றேன்.”

“அது போயி ரெண்டு சிக்னல் ஆச்சு தம்பி,” என்றார் அண்ணி.