பத்துக்குப் பத்து

கதவுக்காரர் என்றால் அந்தக் கார் ஆலையில் தெரியாதவர் கிடையாது. இருபத்திரண்டு வருஷமாக அவருக்கு ஒரே வேலை, கார்க் கதவு சாத்துகிற சத்தத்தைக் கேட்பது. சிரிக்காதீர்கள். சின்னக் கார் ‘டப்’ என்று சாத்தினால் போதும். பெரிய காருக்குக் கொட்டிக் கொடுத்தவன் காதில் ‘தும்’ என்று விழுந்தாக வேண்டும். அதற்கென்றே கதவு விளிம்பில் ஓடும் ரப்பர் பட்டையைத் தனியாக வார்க்க வைத்த புண்ணியவான் இவர்தான்.

இப்போது செலவைக் குறைக்கிறேன் பேர்வழி என்று மேலிடம் பூட்டு, கீல் எல்லாவற்றையும் இரண்டு காருக்கும் பொதுவாக்கிவிட்டது. மிச்சம் அந்த ரப்பர் மட்டும். அதுவும் பொதுவாகிவிட்டால் அவர் பிரிவை மூடி அவரைக் கிடங்குக்கு அனுப்பிவிடுவார்கள். ஒரு வாரமாக மனுஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பீரோவைத் திறப்பார், சாத்துவார். ஃபிரிட்ஜைத் திறப்பார், சாத்துவார்.

“அந்தக் கதவு உங்கள என்ன பண்ணுச்சு? செத்த நேரம் உக்காருங்களேன்,” என்றாள் மனைவி. உட்கார்ந்தார். உடனே எழுந்தார்.

வெள்ளிக்கிழமை சோதனை. “கண்ணக் கட்டிக்குங்க. பத்துக் கதவு. எட்டையாவது எந்தக் காருன்னு சரியாச் சொன்னா உங்க ரப்பர் இருக்கும்,” என்றார் மேலாளர்.

ஃபிட்டர் ஒவ்வொன்றாகச் சாத்தினான். சின்னது, பெரிசு, பெரிசு என்று கதவுக்காரர் சொல்லிக்கொண்டே போனார். பத்துக்குப் பத்து. எல்லாரும் கைதட்டினார்கள். அவர் மட்டும் கண்கட்டை அவிழ்த்துவிட்டு ஃபிட்டரையே பார்த்தார். பெரிய கார் வந்தபோதெல்லாம், சாத்துவதற்கு முன் ஒரு சின்னத் தயக்கம் காதில் விழுந்திருந்தது.

ஃபிட்டரைத் தனியே இழுத்தார். “ஏம்ப்பா, எல்லாத்தையும் ஒரே மாதிரியா சாத்துன?”

“அதெப்படிண்ணே? பெரிய வண்டியப் பாத்துதான் சாத்தணும். சின்னதத் தள்ளிவிட்டா போதும். நாங்க எல்லாரும் அப்படித்தானே.”

“இப்ப ரெண்டையும் தள்ளிவிடு,” என்று திரும்பி நின்றுகொண்டார்.

டப். டப். பூட்டும் கீலும் ஒன்றான பிறகு ரப்பர் ஒண்டியாக என்ன கிழிக்கும்?

அங்கே மேலாளர், தனி ரப்பர் தொடரலாம் என்று எழுதி முடித்துப் பேனாவைக் கையெழுத்துக்கு நகர்த்தினார். வாயை மூடிக்கொண்டிருந்தால் ஓய்வு பெறும்வரை கவலையில்லை. கதவுக்காரர் நாலடி போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார். பாழாய்ப்போன வாய் கேட்டால்தானே.

“சார், கையெழுத்துப் போட்டுறாதீங்க. நான் கண்டுபிடிச்சது இவன் கைய. கதவு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு.”