பின்பக்கம் பார்க்காமல் எடுத்த மேஜைவிரிப்பு

என் மனைவிக்கு இந்த உலகத்தின் மீது ஒரே ஒரு புகார்தான் உண்டு; மற்றவை எல்லாம் என் மீது.

வேலூரில் விடுதியில் தங்கி ஒன்பதாம் வகுப்பு படித்தபோது, தையல் வகுப்பில் அவள் ஒரு மேஜைவிரிப்பில் எம்பிராய்டரி போட்டாள். சுற்றிலும் பச்சைக் கிளிகள். அதில் ஒன்று மட்டும், கை தவறியதால், எதிர்ப்பக்கம் திரும்பி நிற்கும். தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் தலைமையாசிரியை அதைப் பெட்டியில் வைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். "அத்தன பேர் போட்டதுல என்னுதத்தான் எடுத்துக்கினு போனாங்க" என்று அவள் சொல்லும்போது பாதி கோபம், மீதி பெருமை. எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் யாரும் இதைக் கேட்காமல் காபி குடித்ததில்லை.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஆம்பூரில் நான் ஏற்றுமதிக் கடிதங்கள் எழுதிக்கொண்டிருந்த தோல் கம்பெனிக்கு இன்டர்நெட் வந்தது. பழைய துணிகளை ஏலம் விடும் வெளிநாட்டு வெப்சைட் ஒன்றை வேலை நேரத்தில் மேய்ந்துகொண்டிருந்தேன். கிளிகள் வந்தன. ஒன்று திரும்பி நின்றது.

ஒருவார ஏலம். ஜெயிப்பது எப்படி என்று பதினாறு பக்கக் கட்டுரை ஒன்றைக் கம்பெனிக் காகிதத்தில் பிரிண்ட் எடுத்துப் படித்தேன். உன் உச்ச விலையை முடிவு செய், கடைசி நிமிடத்தில் ஒரே தடவை போடு, கம்ப்யூட்டர் அதை ரகசியமாக வைத்துக்கொண்டு எதிராளியைத் தாண்டும் அளவுக்கு மட்டும் ஏற்றும் என்றது. சிவப்பு மையில் அடிக்கோடிட்டேன். உடனே, முதல் நாளே, நாற்பது டாலர் போட்டேன்.

திரையில் பன்னிரண்டு என்றுதான் காட்டியது. பதிவாகவில்லை போலிருக்கிறது என்று அறுபது போட்டேன். பன்னிரண்டு. மிஷினுக்குக் காது மந்தம் என்று தீர்மானித்துத் தொண்ணூறு போட்டேன். மறுநாள் எவனோ ஒரு புண்ணியவான் சில்லறை சில்லறையாக ஏற்றி, என் தொண்ணூறையும் வெளியே இழுத்துவிட்டு, தொண்ணூற்றிரண்டில் போய் உட்கார்ந்துகொண்டான்.

கம்பெனிக்குப் பதனிடாத பச்சைத் தோல் வாங்கும் பாய் என் புலம்பலைக் கேட்டுத் திரையை எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் இது! தோல் மண்டியில டவலுக்குள்ள கைய உட்டு, விரல புடிச்சு ரேட் பேசுறோமே, அதே மேட்டர்தான். உள்ள காட்டிட்டு வெளிய கம்முனு இருக்கணும். நீ உள்ளயும் காட்டிட்டு வெளியயும் கத்திக்கினு கீற."

பதினாறு பக்கத்தை இரண்டே வரியில் முடித்தது எனக்கு எரிச்சலாக இருந்தது.

"பின்பக்கம் போட்டோ இல்லியா சார்?"

"இது தோல் இல்ல பாய், துணி."

"எதுவா இருந்தா இன்னா? முன்பக்கம் எல்லாமே ஜோராத்தான் இருக்கும். உரிக்கிறப்ப கத்தி பட்டது பின்னாலதான் தெரியும். வூட்ல காட்டினியா?"

"சர்ப்ரைஸ் பாய்."

"நல்லா காட்டுவ போ."

கடைசி நாள் காலையில், பல்வலி என்று மேனேஜரிடம் பர்மிஷன் வாங்கிக்கொண்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்தேன். ஒரு நிமிடம் இருக்கையில் நூற்று நாற்பது போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன். நூற்றிருபத்தேழுக்கு முடிந்தது. அமெரிக்காவிலிருந்த தம்பி, என் மூளையைப் பற்றி விசாரித்துவிட்டு, தன் கார்டில் பணம் கட்டினான்.

ஒரு மாதம் கழித்துப் பார்சல் வந்தது. திரும்பிய கிளியைப் பார்த்ததும் அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். கண் கலங்கியது. நான் அடக்கத்தோடு மின்விசிறியைப் பார்த்தேன். அப்புறம் அவள் துணியைத் திருப்பினாள்.

"இன்னாங்க இது, இவ்ளோ முடிச்சு?"

"பழசு இல்லியா..."

"என் தையல்ல பின்பக்கம் ஒரு முடிச்சு தெரியாது. டீச்சரே திருப்பித் திருப்பி எல்லாருக்கும் காட்டுவாங்க. இது என் பக்கத்து பெஞ்சுக்காரி போட்டது. அப்படியே என்னப் பாத்து காப்பி அடிச்சா."

"அந்தத் திரும்பின கிளி?"

"அதையும் பாத்துதான் போட்டா, லூசு!"

லூசு யார் என்று நான் விளக்கம் கேட்கவில்லை. அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அவளோடதையும்தான் எடுத்துக்கினு போயிருக்காங்க."

இருபத்தைந்து வருடப் பெருமையை, தபால் செலவு உட்பட, நானே ஏலத்தில் போராடி உடைத்திருந்தேன்.

"என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?" என்றாள். விலையைத்தான் டவலுக்குள் ஒளிக்கச் சொன்னார் பாய்; நான் இவளிடமும் சேர்த்து ஒளித்திருந்தேன்.

மேஜைவிரிப்பு இப்போது எங்கள் சாப்பாட்டு மேஜைமேல்தான் கிடக்கிறது. பின்பக்கம் மேலே. குழம்புக் கிண்ணம் முடிச்சின்மேல் ஏறி நொண்டுகிறது. வருகிறவர்களின் விரலைப் பிடித்து அவளே தடவிக் காட்டுகிறாள்.

"பாத்தீங்களா? இதுக்கும் என்னுதுக்கும் எவ்ளோ வித்தியாசம்!"