ஏறும்போது இறங்கிய ஆயில் பிரஷர்

இன்ஜின் கட்டி முடித்து ஸ்டார்ட் பண்ணும் நாள் எங்கள் ஷெட்டில் கல்யாண வீடு மாதிரி இருக்கும். வண்டிக்காரர் பூவும் எலுமிச்சம்பழமும் கற்பூரமும் கொண்டு வருவார். நான் கிறிஸ்தவன். என் பங்குக்குக் கண்ணை மூடி ஒரு சின்ன ஜெபம் பண்ணிவிட்டுச் சாவியைத் திருப்புவேன். திருத்தணியில் அரக்கோணம் ரோட்டில் ஷெட் போட்ட காலத்திலிருந்து அப்படித்தான்.

முனிரத்தினத்தின் லாரி அன்றைக்கு ஒரே செல்ஃபில் எடுத்துக்கொண்டது. முனிரத்தினம் பள்ளிப்பட்டில் விசைத்தறி வைத்திருப்பவர். நூலும் துணியும் ஏற்ற ஒரு ஆறு சக்கர லாரி. ஆயில் பிரஷர் கேஜில் முள் நாலு கிலோவுக்கு ஏறி நின்றது. எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். இன்ஜின் சூடாகச் சூடாக முள் இறங்க ஆரம்பித்தது. இரண்டு, ஒன்று, அப்புறம் அரை கிலோவுக்கும் கீழே. டேஷ்போர்டில் சிவப்பு லைட் மினுக்கியது. ஓடிப் போய் ஆஃப் பண்ணினேன்.

"இன்னா மேஸ்திரி இது? பழைய கதையே மறுபடியும் வந்துகினு இருக்குதே?" என்றார் முனிரத்தினம். கையில் லட்டு டப்பா அப்படியே இருந்தது.

பழைய கதையைச் சொல்லிவிடுகிறேன். அந்த லாரியை ஓட்டியவர் அவருடைய அக்கா தனலட்சுமியின் வீட்டுக்காரர் கோவிந்தசாமி. ஆந்திரா பக்கம் லோடு ஏற்றிப் போன இடத்தில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. ஆயில் பேரிங்குக்குப் போகாவிட்டால் இரும்பும் இரும்பும் உரசும், கிராங்க் சுற்றாமல் நின்றுவிடும். இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சேம்பரில் அளவாகத்தான் இருந்தது. ஆனாலும் முனிரத்தினம் ஊர் கேட்கக் கத்தினார்: "லைட்டு எரிஞ்சும் நிறுத்தாம ஓட்டிகினு வந்துட்டாரு பாவா. இன்ஜினையே கொன்னுட்டாரு." கோவிந்தசாமி சாவியை வாசல்படியில் வைத்துவிட்டுப் போனவர்தான். பக்கத்துப் பக்கத்து வீடு. ஒரே கொட்டகையில் இரண்டு குடும்பத்துத் தறியும் ஓடும். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

யாரைக் கேட்டாலும் ஒரு பதில்

முதலில் கேஜை மாற்றினேன். வேறு கேஜ் போட்டாலும் அதே முள், அதே இறக்கம். ஆயில் ஃபில்டர் மாற்றினேன். பிரஷர் மிஞ்சினால் திறக்கும் ரிலீஃப் வால்வைக் கழற்றி ஸ்பிரிங்கைப் பார்த்தேன், நன்றாக இருந்தது. சேம்பரை இறக்கி மெயின் பேரிங் மூடிகளைக் கழற்றி இடைவெளியை அளந்தேன். அளவு சரி.

கிராங்க் தேய்த்துக் கொடுத்த அரக்கோணம் லேத்காரரிடம் போனேன். "கிராங்க் என் கையால தேச்சது. பம்பைப் பாருங்க" என்றார். பம்ப் விற்ற கடைக்காரரிடம் போனேன். "பம்ப் புதுசுங்க. பேரிங்கைப் பாருங்க" என்றார். வேறு பம்ப் வாங்கிப் போட்டேன். சேம்பரிலிருந்து ஆயிலை உறிஞ்சும் சக்‌ஷன் பைப்பை ஒரு முனை அடைத்து, மறு முனையில் ஹோஸ் மாட்டி, வாளித் தண்ணீரில் அமுக்கி ஊதிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை. எல்லாவற்றையும் பூட்டி ஸ்டார்ட் செய்தேன். குளிரில் நாலு கிலோ. சூட்டில் சிவப்பு லைட்.

முனிரத்தினம் போனில் குரல் மெசேஜ் மேல் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தார். கெட்டியான ஆயில் ஊத்தச் சொல்றாங்க, என்னமோ ஒரு டப்பா கலக்கச் சொல்றாங்க, பிளாக்கே விரிசலாம், அப்படியா மேஸ்திரி? ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் பாஸ்டர் பேசப் பேச, நான் மனசுக்குள் ஆயில் போகிற வழியைத் தொடர்ந்துகொண்டிருந்தேன். பம்ப், ஃபில்டர், பிளாக்குக்குள் ஓடும் கேலரி, கிராங்க். எங்கேயும் ஓட்டை இல்லை. பாட்டுக்கு எல்லோரும் எழுந்து நின்றபோது நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி முழங்கையால் இடித்தாள்.

"இங்கயும் அந்த லாரிதானா?"

"ஆங்" என்றேன்.

தனலட்சுமி கேட்டது

அடுத்த நாள் தனலட்சுமி ஷெட்டுக்கு வந்தார். பஸ்ஸில் வந்திருக்கிறார். புடவையில் நூல் தூசி.

"அண்ணா, எனக்கு இன்ஜின் ஒண்ணும் தெரியாது. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இன்ஜின் புதுசா கட்டிட்டீங்க. ஓட்டறதுக்கு எங்க வீட்டுக்காரரும் இல்ல. இப்பவும் அதே மாதிரி பிரஷர் இறங்குதாமே. அப்ப அன்னிக்கு மட்டும் எப்படி அவரு தப்பாகும்?"

அப்போது அடி வாங்கினது வேறு இன்ஜின், இது வேறு இன்ஜின் என்று நான் தனித்தனியாக நினைத்துக்கொண்டிருந்தேன். நோய் ஒன்றாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"அவரை ஒரு தடவை வரச் சொல்லும்மா" என்றேன்.

"வரமாட்டாரு அண்ணா. இப்ப ஸ்கூல் வேன் ஓட்டறாரு. தூக்கமே இல்ல. தப்பு நம்ம மேலதானோன்னு அவருக்கே சந்தேகம் வந்துடுச்சு."

ஆனாலும் கோவிந்தசாமி வந்தார். லாரியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தே பேசினார்.

"சொன்னா சிரிப்பீங்க மேஸ்திரி. மேடு ஏறும்போதுதான் லைட்டு எரியும். இறங்கும்போது அணைஞ்சிடும். ஒயரிங் கோளாறுன்னு நெனச்சேன். அதைச் சொன்னதுக்குத்தான் முனிரத்தினம் பொய்யின்னு சொன்னான்."

நானும் நம்பவில்லை என்பதுதான் உண்மை. மேடு ஏறும்போது ரேஸ் அதிகம், பம்ப் வேகமாகச் சுற்றும், பிரஷர் கூட வேண்டும். இறங்கும்போது ஸ்லோவில் வரும், குறைய வேண்டும். அவர் சொன்னது தலைகீழ். ஆனால் கையில் வேறு வழியும் இல்லை.

"வாங்க, மலைக்கு ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்."

இன்ஜின் சூடேறுவதற்குள் கோயிலுக்குப் போகும் மலை ரோட்டுக்கு வந்துவிட்டோம். அவர் ஓட்டினார், நான் கேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முதல் வளைவு தாண்டியதும் முள் விழுந்து லைட் எரிந்தது. உடனே நிறுத்தி, அகலமான இடம் பார்த்துத் திருப்பி இறங்கினோம். இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தது, ஸ்லோவில்தான் வந்தது. முள் இரண்டு கிலோவில் அசையாமல் நின்றது. கோவிந்தசாமி ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்காமல், "பாத்தீங்களா மேஸ்திரி, பாத்தீங்களா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். எனக்கோ முன்னைவிடக் குழப்பம்.

ஷெட்டுக்குள் வண்டியை நிறுத்திய பிறகுதான் பொறி தட்டியது. ஏறும்போது வண்டியின் மூக்கு மேலே, சேம்பரில் ஆயில் பின்பக்கம் ஓடும். இறங்கும்போது முன்பக்கம் வந்து நிறையும். அப்படியென்றால் முன்பக்கத்தில் எதுவோ ஒன்று ஆயிலுக்கு வெளியே இருந்தால் கெடுகிறது, முழுகினால் சரியாகிறது. அளவுக்கு மேல் இரண்டு லிட்டர் ஆயில் ஊற்றி, சமதரையில் சூட்டோடு ஓடவிட்டேன். முள் இறங்கவில்லை.

சேம்பரை மறுபடி இறக்கி சக்‌ஷன் பைப்பை எடுத்தேன். முன்பு குளிர்ந்த தண்ணீரில் பார்த்ததுதான். இந்த முறை அண்டாவில் தண்ணீரைக் கொதிக்க வைத்து அதில் அமுக்கி ஊதினேன். முன்பக்கம் பம்ப்போடு சேரும் முனையில், பிரேசிங் பற்று வைத்த இடத்துக்கு அடியில், சின்னச் சின்னக் குமிழிகள் வரிசையாக வந்தன. சூட்டில் மட்டும் வாய் திறக்கிற மயிரிழை விரிசல். அதன் வழியாகப் பம்ப் காற்றை உறிஞ்சியிருக்கிறது. அன்றைக்கு மேட்டில் மட்டும் ஆயிலுக்கு வெளியே வந்த விரிசல், இப்போது மேலே நீண்டு சமதரையிலும் வெளியே தெரிகிறது. பழைய இன்ஜினில் மற்ற எல்லாவற்றையும் மாற்றினோம், இல்லை தேய்த்துச் சரி செய்தோம். நன்றாக இருக்கிறது என்று மறுபடி போட்டது இந்தப் பைப் ஒன்றைத்தான்.

முனிரத்தினத்தை வரச் சொன்னேன். குமிழியைப் பார்த்தார்.

"அப்ப பாவா சொன்னது நெசமா?"

கோவிந்தசாமி வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் வாயால சொன்னேன், நம்பல. இப்ப இரும்பு சொல்லுது, நம்பற. பரவால்ல முனிரத்தினம். வீட்டுக்கு வா, உங்க அக்கா கையால சாப்புடு. ஆனா உன் வண்டிய நான் இனிமே தொடமாட்டேன்."

சொன்ன மாதிரியே தொடவில்லை. புதுப் பைப் போட்டதிலிருந்து அந்த லாரியை முனிரத்தினமே ஓட்டுகிறார். சாப்பாட்டுக்கு அக்கா வீட்டுக்குப் போகிறார். லாரிப் பேச்சு வந்தால் மூன்று பேரும் எழுந்துவிடுகிறார்களாம்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குளிரில் சோதித்ததைச் சூட்டிலும் சோதியுங்கள். அதற்கு முன்னால் ஓட்டினவரைப் பேசவிடுங்கள். அவர் சொல்வது நாம் படித்த இன்ஜினுக்கு நேர் எதிராக இருக்கும், சிரிப்பு வரும். சிரிக்காதீர்கள். சாவியை அவரிடமே கொடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். அன்றைக்கு இன்ஜின் பிடித்த உடனே யாராவது ஒருவர் கோவிந்தசாமி பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருந்தால் போதும், இரண்டு வீட்டுக்கும் நடுவில் பேச்சு நின்றிருக்காது.