டச்பேயில் சூரியன் மறைவதில்லை

புத்தகத்தை விரித்ததும் அருளம்பலத்தின் வலது கை காதுமடலுக்குப் போகும். அங்கே ஒன்றும் இருக்காது. கை கொஞ்ச நேரம் அங்கேயே நின்றுவிட்டு இறங்கி வரும். பிறகு பெருவிரல் நகம் பக்க ஓரத்தில் ஒரு கீறல் போடும். தாளை வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தால் மட்டும் தெரிகிற கீறல் அது. “பிழை,” என்பார். வேறொன்றும் சொல்லமாட்டார்.

அருளம்பலம் என்பது அவருடைய பெயர் அல்ல. இந்தச் சண்டைக் காலத்தில் உயிரோடு இருக்கிற ஒருவரைப் பற்றி எழுதுவதென்றால் பெயரை மாற்றத்தான் வேண்டும். வீதிகளை மாற்றவில்லை. மாற்றினால் மனிதர் என்னோடு கதைக்கமாட்டார். திருகோணமலையில் இருபத்தாறு வருடமாக வீடு வீடாகக் கடிதம் கொடுப்பவர். நான் அதே தபால் கந்தோரில் முத்திரை விற்பவள். மத்தியானம் சோற்றுப் பார்சலை முடித்துக் கை கழுவியதும், கடிதம் பிரிக்கிற மேசையில் முழங்கையை ஊன்றி நின்றபடியே வாசிப்பார். கதிரையை இழுத்துப் போட்டால், “இருந்தா நித்திரை வந்திடும் மிஸ்,” என்பார்.

எல்லாக் கதையும் வாசிக்கமாட்டார். திருகோணமலையில் நடக்கிற கதை மட்டும்தான். ஒருமுறை கொழும்புக் கதை ஒன்றைக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டுத் திருப்பித் தந்தார். “இது எனக்கு என்னத்துக்கு? இதில ஆர் பிழை விட்டாலும் எனக்குத் தெரியவராது.” கதாநாயகி செத்தாலும் அவர் கலங்கமாட்டார். சாவதற்கு முன் அவள் ஏகாம்பரம் வீதியில் எந்தப் பக்கம் திரும்பினாள் என்பதுதான் அவருக்கு முக்கியம். இப்படியும் ஒரு வாசகரா என்று எத்தனையோ நாள் சிரித்திருக்கிறேன்.

முன்பு அவரிடம் பென்சில் இருந்தது. காதில் செருகிய கட்டைப் பென்சில். பிழை கண்ட இடத்தில் சின்னச் சின்ன எழுத்தில், கடித உறையில் எழுதுவதுபோல, ஓரத்தில் எழுதுவார். ‘லோஞ்சுத் துறையிலிருந்து உவர்மலைக்கு ஐந்து நிமிடத்தில் போக ஏலாது. ஏற்றம். இருபத்திரண்டு நிமிடம்.’ அதென்ன இருபத்திரண்டு என்று கேட்டேன். “நடந்து பாத்தனான்.”

“என்னத்துக்கு அண்ணை இந்தப் பாடு?”

அவர் தோள்பையைத் திறந்து காட்டினார். ‘ஆள் இல்லை’ என்று அவர் கையாலேயே எழுதிய கடிதங்கள் ஒரு கட்டு கிடந்தன. “பிழையான விலாசமெண்டா கடிதத்தைத் திருப்பி அனுப்பலாம். புத்தகத்தை எங்க அனுப்புறது? வீடுகளும் போகுது, ஆக்களும் போகினம். நாளைக்கு இதைப் பாத்துத்தானே ஊர் இப்பிடி இருந்தது எண்டு சொல்லப்போறாங்கள்.” அதற்குப் பிறகு நான் சிரிக்கவில்லை.

போன ஆவணியில் நடந்ததைச் சொல்கிறேன். வேலை முடிந்து இருவரும் சைக்கிளை உருட்டிக்கொண்டு டச்பே கடற்கரைப் பக்கத்துச் சோதனைச்சாவடிக்கு வந்தோம். அவருடைய பையில் நான் இரவல் கொடுத்த நாவல். ஒரு சிப்பாய் அதை எடுத்து விரித்தான். அச்சைப் பார்க்கவில்லை, பென்சில் எழுத்தைத்தான் பார்த்தான். புத்தகம் அதிகாரியிடம் போயிற்று. அதிகாரி தமிழ் வாசிக்கத் தெரிந்த பொலிஸ்காரர் ஒருவரைக் கூப்பிட்டார். மூதூர் ஆள். ஸெய்னுதீன் என்று வைத்துக்கொள்வோம்.

அவர் வாசித்த முதல் பக்கமே வினையாகப் போயிற்று. கதையில் ஒருவன் துறைமுக வீதி வளைவில் நின்று, காதலி வருகிற லோஞ்சுப் படகைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். ஓரத்தில் அருளம்பலத்தின் எழுத்து: ‘இந்த வளைவில் நின்றால் படகு ஜெட்டி தெரியாது. பூவரசு மறைக்கும். மதிலோரம் தள்ளி நின்றால் முழுதும் தெரியும்.’ எத்தனை அடி தள்ளி என்றும் எழுதியிருந்தார். அதை நான் இங்கே எழுதப்போவதில்லை. ஸெய்னுதீன் அதைச் சிங்களத்தில் சொன்னார். அதிகாரி அடுத்த பக்கத்தைக் காட்டினார். ஒரு ஒழுங்கை, அதன் பின்வேலி, அங்கிருந்து இராணுவம் இருக்கிற கோட்டையின் வாசலுக்கு எத்தனை நிமிடம்.

ஒரு துண்டுக் காகிதத்துக்காக ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிற காலம் இது. அப்படிப் போனவர்களுக்கு வந்த கடிதங்களிலும் இவர்தான் ‘ஆள் இல்லை’ என்று எழுதினார். புத்தகத்தின் முதல் பக்கத்தில் என் பெயர் இருந்தது. இவருக்கு என்ன நடக்குமோ என்று நினைப்பதற்கு முன் நான் அதைத்தான் நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது, ஆனால் அதுதான் உண்மை.

“இதெல்லாம் ஆருக்குக் குடுக்க எழுதினீங்க எண்டு கேக்கிறார்,” என்றார் ஸெய்னுதீன்.

“ஒருத்தருக்கும் இல்லை. கதை எழுதினவர் பிழையா எழுதிப்போட்டார்.”

“அவர் பிழையா எழுதினா ஒங்களுக்கென்ன?”

“நான் தபால்காரன் ஐயா.”

இந்தப் பதிலைச் சிங்களத்தில் எப்படிச் சொல்வதென்று ஸெய்னுதீனுக்கு விளங்கவில்லைபோல. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்றார். முதலில் தமிழில் வாசித்தார். ‘டச்பேயில் சூரியன் கடலில் மறையாது. உதிக்கும்.’ பிறகு சிங்களத்தில் சொன்னார். அதிகாரி திரும்பிக் கடலைப் பார்த்தார். சூரியன் எங்கள் முதுகுப்பக்கம், ஊருக்கு மேலே நின்றது. மணல் மூட்டைகளின் நிழல் கடற்கரைப் பக்கமாக நீண்டு கிடந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. அதிகாரி அருளம்பலத்தின் அடையாள அட்டை இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு, புத்தகத்தை நீட்டி ஏதோ சொன்னார்.

“எல்லாத்தயும் இங்கயே அழிச்சிட்டுப் போகட்டாம். ஒரு எழுத்தும் மிச்சம் இரிக்கப்படாதாம். தேவையெண்டா வீட்டுக்கு வருவாங்களாம்.”

என் கைப்பையில் அழிறப்பர் இருந்தது. அதை எடுத்து நீட்டியதுதான் அன்று நான் செய்த ஒரே காரியம். அவர் மணல் மூட்டையின்மேல் புத்தகத்தை வைத்துப் பக்கம் பக்கமாக அழித்தார். தூளை ஊதினார், மறுபடி அழித்தார். வரிசையில் வந்தவர்கள் எங்களைத் தெரியாதவர்கள்போலக் கடந்து போனார்கள். ஒரு மணித்தியாலத்துக்கு மேல் ஆயிற்று. அவருடைய கை நடுங்கவில்லை.

எட்டு மாதமாகிறது. இன்னும் ஒருவரும் அவர் வீட்டுக்கு வரவில்லை. கந்தோர் வாசலில் ஏதாவது வாகனம் வேகத்தைக் குறைத்தால் புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்துவார். சத்தம் தூரப் போகும்வரை அப்படியே நிற்பார். பிறகு விட்ட வரியைத் தேடுவார். பென்சிலை அன்றைக்குப் பிறகு தொடவில்லை.

இதைப் பத்திரிகைக்கு அனுப்புமுன் அவரிடம் கொடுத்தேன். பின்னே, இதுவும் திருகோணமலைக் கதைதானே! வழக்கம்போல மேசையில் முழங்கையை ஊன்றி, நின்றபடியே வாசித்தார். வீதிப் பெயர்கள் வருகிற பக்கங்களில் நான் அவரைப் பார்க்காமல் முத்திரைகளை எண்ணினேன். முடித்ததும் தாள்களை மடித்துத் தந்துவிட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெயிலில் இறங்கினார்.

யன்னலோரம் போய்த் தாள்களை ஒவ்வொன்றாகச் சரித்துப் பிடித்துப் பார்த்தேன். ஏகாம்பரம் வீதியில் ஒன்றுமில்லை. உவர்மலையில் ஒன்றுமில்லை. பூவரசிலும் ஒன்றுமில்லை. கை நடுங்கவில்லை என்று எழுதியிருந்தேனே, அந்த வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு நகக்கீறல் இருந்தது.