ஆள் தூக்கும் வேலை

போலீஸ் உத்தியோகத்தில் ஆளுக்கொரு திறமை ஒட்டிக்கொள்ளும். காட்டூர் அனுசுயாவுக்கு ஒட்டிக்கொண்டது ஆள் தூக்குவது. மறியலில் உட்கார்ந்துவிட்ட பெண்களைப் பெண் போலீஸ்தான் தொட வேண்டும் என்பதால், இருபத்தெட்டு வருஷமாக எந்தப் போராட்டம் என்றாலும் கூப்பிடு அனுசுயாவை. தூக்கி வேனில் போட்டு, கல்யாண மண்டபத்தில் அடைத்து, சாயங்காலம் விட்டுவிடுவார்கள். மறுநாள் கடைத்தெருவில் பார்த்தால், தூக்கப்பட்டவர்களே "இடுப்பு வலி தேவலையா?" என்று அவளை விசாரிப்பார்கள். வீட்டில் கேஸ் சிலிண்டரை மட்டும் கணவர் ஜெயக்குமார் தூக்குவார். அந்த மட்டும் அவள் கொடுத்து வைத்தவள்.

ரிட்டயராக எட்டு மாசம் இருக்கையில் நூல்காரர்கள் விவகாரம் வந்தது.

கொள்ளிடக் கரையில் தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு முப்பத்தொரு பேர் இருந்தார்கள். சிலை கிடையாது, சாமியார் கிடையாது. உண்டியல்கூடக் கிடையாது, அதுவே ஊர் சந்தேகப்படப் போதுமானதாக இருந்தது. பௌர்ணமி மத்தியானம் வட்டமாக உட்கார்ந்து, பூக்கட்டும் நூலை முறுக்கி மணிக்கட்டோடு மணிக்கட்டு கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் கண்மூடி இருப்பார்கள். அவ்வளவுதான் வழிபாடு. வட்டத்தை முழுசாக மூடமாட்டார்கள், வருகிறவருக்கு ஓர் இடம் விட்டிருப்பார்கள். இடம் புறம்போக்கு. காலி செய்யச் சொல்லிக் கோர்ட் உத்தரவும் இருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் சிக்குவார்கள் என்று பௌர்ணமியாகப் பார்த்து நாள் குறித்தார்கள் அதிகாரிகள்.

அனுசுயா இன்ஸ்பெக்டர் சிவசங்கரிடம் சொல்லிப் பார்த்தாள். "சார், நூல் கட்டியிருக்காங்க. அரைமணி பொறுத்தா அவங்களே அவுத்துடுவாங்க."

"மேலேயிருந்து நாலு போன் வந்தாச்சு. தூக்குங்கம்மா."

வட்டத்தின் ஓரத்தில் இருந்த ஆனந்தவள்ளி என்ற பெரியம்மாவிடம் முதலில் குனிந்தாள். அந்த அம்மா கண்ணைத் திறந்து காக்கியைப் பார்த்தாள். கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டாள். "உக்காருங்கம்மா" என்று, தொங்கிக்கொண்டிருந்த நூல் முனையை எடுத்து அனுசுயாவின் கையில் சுற்ற வந்தாள். அனுசுயா அவளைப் பிடித்து இழுத்தாள். நூல் அறுந்துபோகவில்லை, அந்த அம்மாவின் தோள் மூட்டு கழன்றது. அலறல் கேட்டு ஆண்கள் எழுந்தார்கள். அப்புறம் லத்திக்குச் சொல்லவா வேண்டும்.

அடிபட்டவர்கள் மேலேயே, போலீஸ் பணியைத் தடுத்ததாக வழக்கு. ஒரு மாசம் கழித்துக் கோட்டாட்சியர் விசாரணை. அனுசுயாவின் வாக்குமூலத்தை அவளைக் கேட்காமலே டைப் அடித்து வைத்திருந்தார் சிவசங்கர். கையெழுத்துப் போட்டால் மிச்சமிருக்கும் ஏழு மாசத்தை நிம்மதியாக ஓட்டிவிடலாம். முப்பத்தொரு பேர் கோர்ட்டுக்கு அலைவார்கள். போடாவிட்டால் இவள் அலைய வேண்டும்.

கோட்டாட்சியர் வாசித்தார். "போலீசாரைத் தடுக்கும் நோக்கத்துடன் ஒருவரையொருவர் கயிற்றால் பிணைத்துக்கொண்டு... சரிதானேம்மா?"

எதிர் பெஞ்சில் கையைத் துணியால் கழுத்தோடு தொட்டில் கட்டி ஆனந்தவள்ளி உட்கார்ந்திருந்தாள். அவள் முகத்தில் கோபம் இருந்திருந்தால் அனுசுயாவுக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

"கயிறு இல்லீங்க சார், நூல். சாமி கும்பிடக் கட்டியிருந்தாங்க."

"அது உங்களுக்கு அப்பவே தெரியுமா?"

"தெரியும் சார். எனக்கும் கட்ட வந்தாங்க."

"தெரிஞ்சேதான் இழுத்தீங்களா?"

"ஆமாங்க சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "இப்படி எழுதினா அவங்க மேல கேஸ் நிக்காது. ஆனா உங்க மேல நடவடிக்கை வரும்மா. யோசிச்சுச் சொல்லுங்க."

"ஒரு மாசமா யோசிச்சே அசந்துட்டேன் சார். எழுதிக்கங்க."

புதிதாக எழுதிய தாளில் கையெழுத்துப் போட்டாள். பெரிய நியாயம் செய்துவிட்ட மாதிரியெல்லாம் இல்லை. வீட்டுக்குப் போய்ப் படுக்க வேண்டும் போலிருந்தது.

அடுத்து ஆனந்தவள்ளியைக் கூப்பிட்டார்கள். அவள் சொன்னதை எழுதி முடித்து, கிளார்க் பேனாவை நீட்டினார்.

"வலது கை வரலீங்க" என்றாள்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்தவள். கிளார்க் பேனாவை எடுத்துக்கொண்டு மைப்பெட்டியைத் திறந்தார். இடது பெருவிரலை அவள் தாளில் அழுத்துவதை அனுசுயா பார்த்துக்கொண்டே நின்றாள்.