குரலுக்கு ஒரு காணி உறுதி

ஐம்பது வயதில் மற்றவர்கள் சீனியைக் குறைப்பார்கள். நான் வீடியோ கேம் செய்தேன். கலேவெலயிலிருந்து தம்புள்ளைக்கு ஒரு தனியார் பஸ்ஸை, பின்னால் வரும் பஸ் முந்திவிடாமல் ஓட்டவேண்டும். அவ்வளவுதான் கதை.

விளம்பரத்துக்கு ஒரு நிமிட ட்ரெய்லர் போட்டேன். இரண்டு வருடம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வரைந்த சாலையை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோரும் பேசியது கொண்டக்டரின் குரலைத்தான்: "தம்புள்ள, தம்புள்ள, ஏறுங்க, உள்ள இடமிருக்கு." நான் தினமும் போகும் பஸ்ஸின் கொண்டக்டர் அவர். கேட்காமல் கைப்பேசியில் பதிந்திருந்தேன். அதற்கு அப்போது கலை என்று பெயர் வைத்திருந்தேன்.

குரலுக்குரியவர் கையெழுத்து இல்லாமல் கேமை வெளியிட மாட்டோம் என்றது அதை விற்கவிருந்த இணையக் கடை. மாத்தளையில் தெரிந்த சட்டத்தரணியிடம் ஓடினேன். காலமெல்லாம் காணி உறுதி, அதாவது நிலப் பத்திரம், எழுதியவர்.

"காணியோ குரலோ, கைமாறுது தானே," என்றார். "எல்லையச் சொல்லுங்க."

"குரலுக்கு ஏதுங்க எல்லை?"

"எது வரைக்கும் கேக்கும்?"

சந்தை வரைக்கும் என்றேன். அதையும் எழுதிக்கொண்டார்.

மறுநாள் பஸ் நிலையத்தில் உறுதியை நீட்டினேன். வாசிக்காமல் கையெழுத்துப் போட்டுவிடுவார் என்று நம்பினேன். கொண்டக்டர் மிதிபலகையில் நின்றபடி மூன்று பக்கத்தையும் வாசித்தார்.

"கேமுக்குக் குடுக்குறதுல ஒண்ணும் இல்லீங்க சேர். ஆனா என் குரல உங்களுக்கும் உங்க வாரிசுகளுக்கும் என்றென்றைக்கும் எழுதிக் குடுத்துட்டதா போட்டிருக்கே. நாளைக்கு நான் யார்கிட்ட கேட்டுக் கத்துறது?"

"சேரோட மகன்கிட்ட கேளு," என்றார் ஸ்டியரிங்கில் சாய்ந்திருந்த டிரைவர். "பெருநாளைக்கு ரெண்டு நாள் கத்த விடுவாரு."

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன். அந்த வரியை நான் முன்பே வாசித்திருந்தேன். வாசித்தபோது, காணி வாங்கியவனின் சின்ன சந்தோஷம் ஒன்று வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் தாளைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் தன் பெயரில் என்னையே எழுதச் சொன்னார்: குரல் என்னுடையது. இந்த கேமில் மட்டும் போட்டுக்கொள்ளலாம். கையெழுத்து வைத்தார். பிறகு பேனாவை என்னிடம் நீட்டினார்.

"நீங்களும் போடுங்க சேர். ஒங்களத்தான் நம்ப ஏலாது."

போட்டேன். அந்த இரண்டு வரியைக் கடை மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.